மண்ணின் நயமும் கட்டமைப்பும் – ஒரு ரயில்வேக்காரர் பார்வையில்

புனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் கறிவேப்பிலைக் கன்று வைத்துப் பார்க்காத வீடு அநேகமாக இராது. இரண்டு வருஷம் ஆகியும் முழங்கால் உயரம் தாண்டவில்லை, இலை மஞ்சளாகிவிடுகிறது, மழைக்காலம் வந்தால் வேர் அழுகிவிடுகிறது என்று குறைபடாத தாய்மார்களும் குறைவு. நர்சரிக்காரரிடம் சொன்னால் ஓர் உரப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். அதையும் போட்டுப் பார்ப்போம். சில சமயம் பலிக்கும், பல சமயம் பலிக்காது. உரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் செடியின் வேருக்குக் காற்று கிடைக்கிறதா?

நான் விவசாயப் பட்டம் பெற்றவன் அல்ல. சிவில் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே பெரும்பகுதி காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். தண்டவாளம் ஜல்லியின் மேல் நிற்கிறது, ஜல்லி மண்ணின் மேல் நிற்கிறது. மண் என்ன செய்யும் என்று தெரியாமல் எங்கள் பிழைப்பு நடக்காது. விவசாய விஞ்ஞானிகள் சொல்வதையும் நாங்கள் படித்ததையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று அளவுத் துகள்கள்

மண்ணில் உள்ள கல்லையும் வேரையும் நீக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தபின் எஞ்சுவதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதற்கும் பொடியானது களி. (எங்கள் சிவில் கணக்கில் எல்லை சற்று வேறு. மணல் 4.75 மில்லிமீட்டரில் தொடங்கி 0.075 மில்லிமீட்டரில் முடியும். இந்தக் கட்டுரைக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை.) இந்த மூன்றும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதற்குத்தான் மண் நயம் என்று பெயர்.

இந்த அளவுகளின் வித்தியாசம் சாமானியமானது அன்று. ஒரு களித் துகளைக் கடுகளவுக்குப் பெரிதாக்கினால், அதே கணக்கில் ஒரு பெருமணல் துகள் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பாறையாகிவிடும். பொருள் எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவுக்கு அதன் மேற்பரப்பு கூடுகிறது. நம் தக்காணத்துக் கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களியில் ஒரே ஒரு கிராமை எடுத்து அதன் ஏடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் 800 சதுர மீட்டர் வரை வரும். சுமார் பத்து பாட்மின்டன் கோர்ட்! தண்ணீரும் செடிக்கு வேண்டிய சத்துக்களும் ஒட்டிக்கொள்வது இந்தப் பரப்பில்தான். மணலில் ஊற்றிய தண்ணீர் ஓடிவிடுவதும், களியில் ஊற்றியது போகமாட்டேன் என்று நிற்பதும் இதனால்தான்.

உங்கள் வீட்டு மண்ணின் நயத்தை அறிய லாபரட்டரி தேவையில்லை. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத் தூள் போட்டு மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். வண்டல் இறங்கச் சில மணி நேரம் ஆகும். களி ஒரு நாளும் எடுக்கும், இரண்டு நாளும் எடுக்கும். காரணம், துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இது ஸ்டோக்ஸ் விதி. 0.05 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஒரு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதே தூரத்துக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் வேண்டும். கடைசியில் மூன்று பட்டைகளையும் ஸ்கேலால் அளந்து சதவிகிதம் போட்டுக்கொள்ளலாம். மணல் 40, வண்டல் 40, களி 20 என்று வந்தால் அது நடுத்தரமான இருமண்பாட்டு நிலம், உங்களுக்கு அதிர்ஷ்டம். புனேக்குக் கிழக்கே உள்ள ஆழமான கரிசலில் களி மட்டுமே 50 சதவிகிதத்துக்கு மேல் வருவது சர்வசாதாரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் கொடுக்க இது நல்ல வேலை.

புட்டு மாவும் களியும்

நயம் மண்ணின் பிறவிக் குணம். அதை நம்மால் மாற்ற இயலாது. களிமண்ணை இளக்குவதற்கு இரண்டு கூடை மணல் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மணல் பாதிக்கு மேல் இருந்தால்தான் துகளும் துகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இடைவெளி உண்டாகும். அதற்குக் குறைவாகப் போட்டால் களி மணலைச் சுற்றிப் பூசிக்கொண்டு, காய்ந்தபின் செங்கல் போல ஆகிவிடும். காங்கிரீட் கலக்கிறவருக்கு இது புதிய செய்தி அல்ல.

ஆனால் கட்டமைப்பு என்பது வேறு. துகள்கள் ஒன்றோடொன்று எப்படிக் கூடி நிற்கின்றன என்பதே கட்டமைப்பு. சமையலறை உதாரணம் சொல்கிறேன். அரிசி மாவில் உப்புத் தண்ணீர் தெளித்து, கையால் பிசிறி, புட்டுப் பதத்துக்குக் கொண்டு வருகிறோம். மாவு சிறு சிறு உருண்டைகளாகப் பொலபொலவென்று இருக்கும். குழாயில் வைத்தால் ஆவி உள்ளே புகுந்து மேலே வரும். அதே மாவில் தண்ணீரைக் கொட்டிக் கிளறினால் களி. ஆவி புகாது. மாவு ஒன்றுதான், அதன் நயமும் ஒன்றுதான், மாறியது கட்டமைப்பு. வயலிலும் இதே கதைதான். நல்ல கட்டமைப்புள்ள மண்ணின் கனஅளவில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளி. அதில் பாதியில் தண்ணீரும் பாதியில் காற்றும் இருந்தால் வேருக்குச் சுகவாசம்.

மண்ணைப் புட்டு மாவாக வைத்திருப்பவை எவை? மட்கிய இலைதழை, வேர் கசியவிடும் பிசின், பூஞ்சாணத்தின் நூலிழைகள், மண்புழுவின் எச்சம், களித் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சுண்ணாம்புச் சத்து. இவற்றில் எதுவும் ஒருநாளில் வருவதில்லை. ஆனால் ஒரே நாளில் கெடுத்துவிட முடியும். ஈர மண்ணில் டிராக்டரை ஓட்டினால் போதும்.

மராத்தி விவசாயிகளிடம் 'வாப்ஸா' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. மழை நின்று, அதிகத் தண்ணீர் வடிந்து, மண் ஒட்டாமலும் கட்டிதட்டாமலும் உழுவதற்கு ஏற்றதாக வரும் நிலை அது. நம் ஊரில் 'பதம் வந்துவிட்டது' என்போமே, அதுதான். 'வாப்ஸா வரட்டும்' என்று ஏரைப் பூட்டாமல் காத்திருக்கிறவர் சோம்பேறியல்லர். எங்கள் சோதனைக்கூடத்திலும் இதற்கு ஒரு முறை உண்டு. ஸ்வீடன் நாட்டு அட்டர்பெர்க் 1911ஆம் ஆண்டு வாக்கில் வகுத்துக் கொடுத்தது. ஈர மண்ணை உள்ளங்கையால் 3 மில்லிமீட்டர் கனமுள்ள திரியாக உருட்ட வேண்டும். திரி உடையாமல் வந்தால் மண் இன்னும் குழையும் நிலையில் இருக்கிறது, உழக்கூடாது. அந்தக் கனத்துக்கு வரும்போதே பொடிந்து உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. தொட்டி மண்ணைக் கிளறுவதற்கு முன்னும் இதைச் செய்து பார்க்கலாம்.

வள்ளுவர் உழவு அதிகாரத்தில், உழுத புழுதியைக் கால் பங்காகும் வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்கிறார். எடைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த ஈர மண்ணும் காய்ந்து முக்கால் எடை இழக்காது. ஆனால் விஷயம் உண்மை. நன்றாகக் காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் திடீரென்று வேலை செய்து, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை வெளிவிடுகின்றன. ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த பர்ச் என்பவர் 1958இல் இதை விரிவாக எழுதினார். விஞ்ஞானிகள் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

ஜன்னலோரம் ஒரு பாடம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அடுத்த முறை ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தூங்காமல் மண்ணைப் பாருங்கள். லோணாவளாவில் வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே மண்ணிலுள்ள சுண்ணாம்பெல்லாம் கழுவப்பட்டு, செம்பழுப்பாக, லேசாக இருக்கும். மாவள் பகுதியின் இந்திராயணி நெல் விளைவது அங்கேதான். புனேக்கு வரும்போது மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றி நிற்கிறது. உருளி, கேட்காவ், தௌண்ட் என்று கிழக்கே போகப் போக மழை 500க்கு இறங்குகிறது, மண் கறுத்துக்கொண்டே போகிறது. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே பாறை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பசால்ட்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மேட்டில் மண் அரையடி கூட இராது. அடியில் முரூம் தெரியும். சரிவில் நடுத்தரம். ஓடை ஓரப் பள்ளத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கூடக் கரிசல் படிந்திருக்கும். ஆகவே ஒரே கிராமத்தில் ஏக்கருக்கு ஏக்கர் விலை மாறுவதில் வியப்பில்லை. புனே விவசாயக் கல்லூரியின் முதல்வராயிருந்த டாக்டர் ஹெரால்டு மான் இங்குள்ள பிம்பளே சௌதாகர் கிராமத்தை வீடு வீடாக, வயல் வயலாக ஆராய்ந்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்று அங்கே வயலைத் தேட வேண்டும்; நம் சாப்ட்வேர் பிள்ளைகள் பலர் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள்.

சோலாப்பூர் தாண்டிக் கல்புர்கி வந்தால் துவரை. நம் சாம்பாருக்கு அங்கிருந்தும்தான் வருகிறது. வாடிக்கு முன்னால் ஷஹாபாத். புனேயின் பழைய வீடுகளில் தரையில் பதித்திருக்கும் ஷஹாபாதி கல் அங்கே வெட்டியதுதான். பசால்ட் முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்கிவிட்டது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கிருஷ்ணா, துங்கபத்திரா இரண்டையும் கடந்தால் ஆதோனி, குண்டக்கல் பக்கம் மறுபடி பருத்திக் கரிசல் வரும். கடப்பா தாண்டிக் கோடூர், ரேணிகுண்டா வருகையில் செம்மண்ணும் மாந்தோப்பும்.

கறுப்பாக இருந்தாலே சத்துள்ள மண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. கரிசலில் மட்கு பெரும்பாலும் குறைவுதான். கொஞ்சம் மட்கே களியோடு இறுகப் பிணைந்து அந்த நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. கோவில்பட்டிக் கரிசலும் இப்படியே. அங்கே பசால்ட் கூடக் கிடையாது, வேறு பாறையிலிருந்து பிறந்த கரிசல் அது.

கரிசலின் குணம், நனைந்தால் வீங்குவதும் காய்ந்தால் சுருங்குவதும். மே மாதத்தில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விடும். மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்பில் விழும், மழை வந்ததும் வீங்கி மூடிக்கொள்ளும். இப்படித் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்பதால் இதற்கு வெர்ட்டிசால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புரள்வது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெடிப்பு மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போவது மிக மெதுவாகிவிடும். ஆனால் உள்ளே போன தண்ணீரை மாதக்கணக்கில் வைத்திருக்கும். செப்டம்பர் கடைசியில் விதைத்த சோளம், அதன்பின் மழையே இல்லாமல் மண்ணிலுள்ள ஈரத்தை மட்டும் குடித்து விளைவது சோலாப்பூர்ப் பக்கத்தில் வழக்கம். இடையில் மண் வெடித்தால் வேர் அறுந்து ஈரமும் போய்விடும் என்று, மாடு பூட்டிய சிறு கொத்துப்பலகையால் மேல்மண்ணைக் கீறிவிடுவார்கள். 'கோளபணி' என்பார்கள். களை எடுப்பதோடு வெடிப்பையும் அது மூடுகிறது.

என்ஜினீயருக்கு நல்லது, செடிக்குக் கெட்டது

எங்கள் தொழிலில் கரிசல் என்றாலே தலைவலி. மழைக்காலத்தில் ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் கீழ்மண் குழைந்து ஜல்லிக்குள் ஏறும், ஜல்லி மண்ணுக்குள் இறங்கும். லெவல் கெட்டு வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு போட வேண்டிவரும். அதனால் கரிசல் கரையின் மேல் நேராக ஜல்லியைக் கொட்டாமல், நடுவில் பெருமணலோ குவாரிப் பொடியோ கொண்டு ஒரு கனமான அடுக்கு போடுகிறோம். 'பிளாங்கெட்' என்று பெயர். வாய்க்கால் கட்டும்போது கரிசலின் மேல் வீங்காத மண்ணை ஓர் அடுக்காகப் போட்டு அதன் வீக்கத்தை அடக்கும் முறையைப் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் காட்டி உருவாக்கினார். கட்டிடங்களுக்கு அடியில் குடம் போல் அகன்ற பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது.

கரை போடும்போது நாங்கள் மண்ணை ரோலர் ஓட்டி அமுக்குகிறோம். 1933இல் அமெரிக்க என்ஜினீயர் பிராக்டர் வகுத்த சோதனைப்படி, எந்த ஈரத்தில் அமுக்கினால் மண் மிக அடர்த்தியாகும் என்று பார்த்து, அதே ஈரத்தில் அமுக்குவோம். முரூம் கலந்த மண் கனசென்டிமீட்டருக்கு 1.8, 1.9 கிராம் கூட வரும். எங்களுக்கு அது பெருமை. விவசாயிக்கு வேண்டியது 1.1 முதல் 1.4 வரை. களிமண்ணில் அடர்த்தி 1.47ஐ நெருங்கினாலே வேர் நுழையத் திணறும் என்பது மண் விஞ்ஞானிகள் கணக்கு. மணலில் அந்த எல்லை 1.8.

இப்போது உங்கள் ஹவுசிங் சொசைட்டித் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அஸ்திவாரம் தோண்டிய முரூமைப் பரப்பி, லாரியும் ரோலரும் ஓடி இறுகியபின், மேலே அரையடி 'லால் மாத்தி' கொட்டிப் புல் பதித்திருப்பார்கள். பார்வைக்குத் தோட்டம், எங்கள் பாஷையில் அது ஒரு ரோடு. அதில் நட்ட செடி, கான்கிரீட் தொட்டியில் நட்டது போலத்தான். நான் அறிந்த ஒரு சொசைட்டியில் இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் குழி எடுத்து, அடி முரூமைக் கடப்பாரையால் உடைத்துவிட்டு, பழைய மண்ணோடு மட்கு உரம் கலந்து நிரப்பி முருங்கை வைத்தார்கள். மூன்றாம் வருஷம் எல்லா வீட்டுக்கும் காய்.

நீரா பள்ளத்தாக்கில் நடந்தது

கட்டமைப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். நம் புனே ஜில்லாவிலேயே சரித்திரம் இருக்கிறது.

1876–78 பஞ்சம் தக்காணத்தை வாட்டியபின், பஞ்ச நிவாரணமாகப் பல நீர்ப்பாசனத் திட்டங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நீரா இடதுகரைக் கால்வாய். 1885 வாக்கில் தண்ணீர் விடப்பட்டது. புரந்தர், பாராமதி, இந்தாபூர் தாலுகாக்கள் வழியே சுமார் 160 கிலோமீட்டர் ஓடுகிறது. வறண்ட பூமிக்குத் தண்ணீர் வந்தது மாபெரும் நன்மை, சந்தேகமில்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் நினைத்தது, மழை பொய்க்கும்போது சோளத்துக்கும் கம்புக்கும் ஒன்றிரண்டு தண்ணீர் என்று. விவசாயிகள் கண்டுகொண்டது கரும்பை. கரும்புக்கு வருஷம் 2000 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வானம் தருவதோ 500.

ஆழக் கரிசலில் இவ்வளவு தண்ணீர் கட்டினால் அது எங்கே போகும்? கீழே வடிவது மெதுவாக, மேலே ஊற்றுவது வேகமாக. ஆண்டுக்காண்டு நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. மேல்பரப்பிலிருந்து சில அடிக்குள் அது வந்துவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் நுண்துளைகள் வழியே தண்ணீர் மேலேறி ஆவியாகும். அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் மேலே தங்கிவிடும். துளை பொடியாக இருந்தால் ஏற்றம் அதிகம். மணல் நிலத்தில் நடக்காத விபத்து களி நிலத்தில் நடப்பது இதனால்தான்.

கால்வாய் வந்து இருபத்தைந்து ஆண்டு ஆவதற்குள் வயல்களில் வெள்ளை பூத்துவிட்டது. முன்சொன்ன டாக்டர் மானும் அவருடன் தம்ஹணே என்ற ரசாயன நிபுணரும் நீரா பள்ளத்தாக்கின் உப்பு நிலங்களை ஆராய்ந்து 1910இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

வெள்ளை உப்பு மட்டும் இருந்தால் நல்ல தண்ணீரால் கழுவி வடித்துவிடலாம். அதைவிடக் கொடியது அடுத்த கட்டம். உப்பிலுள்ள சோடியம், களித் துகள்களைப் பிணைத்திருந்த சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டுத் தான் போய் ஒட்டிக்கொள்கிறது. சோடியம் ஒட்டிய களி தண்ணீர் பட்டதும் கூழாகக் கரைந்து, இருக்கிற துளைகளையெல்லாம் அடைத்துவிடும். காய்ந்தால் பாறை, நனைந்தால் சேறு. மராத்தியில் 'சோபண்' என்பார்கள். நாம் களர் என்கிறோம். திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி இருப்பதும் இப்படிப்பட்ட களர் பூமியில்தான். இந்த மண்ணின் நயத்தைச் சோதித்துப் பாருங்கள், பழைய மணல், பழைய வண்டல், பழைய களி, சதவிகிதம் மாறாமல் இருக்கும். கட்டமைப்பு மட்டும் செத்துப்போயிருக்கும்.

வைத்தியம் இரண்டு பகுதி. முதலில் வடிகால். கரிசலுக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் முரூம் அடுக்கு இருக்கிறது. வடிகால் அந்த அடுக்கைத் தொட்டால்தான் பயன், மேலே மட்டும் வெட்டிய ஓடையால் பிரயோஜனமில்லை. நீர்ப்பாசன என்ஜினீயர்கள் இதில் வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். பாசனத்தைப் பயிரின் தேவைக்கு ஏற்பச் சீர்செய்ய 1916இல் பம்பாய் மாகாண அரசு இங்கே ஒரு சிறு தனிப் பிரிவைத் தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்று கடக்வாஸ்லாவில் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமாக நிற்கிறது. பிள்ளைகளைக் கடக்வாஸ்லா அணைக்குக் கூட்டிப்போய்ப் பஜ்ஜி வாங்கிக் கொடுக்கிற நம்மில் எத்தனை பேர் அந்தப் போர்டைப் பார்த்திருக்கிறோம்?

இரண்டாவது வைத்தியம் ஜிப்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை விரட்டிப் பழைய இடத்தில் உட்காரும். விரட்டப்பட்ட சோடியம் வடிகாலில் போக வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண் செலவு. பிறகு சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். கிருஷ்ணா நதிப் படுகையில் ஷிரோல், சாங்லிப் பக்கம் இதே கரும்பால் இதே நோய் வந்தது. அங்கே விவசாயிகள் நிலத்துக்கடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்துத் தண்ணீரை வடித்துத் தரிசுகளை மீட்டு வருகிறார்கள். செலவு பெரிது, ஒரு விவசாயி தனியாகச் செய்ய முடியாது, ஏனென்றால் தண்ணீர் பக்கத்து வயலிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இதே ஜில்லாவில் உண்டு. 1972 வறட்சிக்குப் பிறகு விலாஸ்ராவ் சாளுங்கே என்ற என்ஜினீயர் புரந்தர் தாலுகா நாய்காவில் சுமார் 16 ஹெக்டேர் மேட்டு முரூம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வரப்பு போட்டு மழைநீரை நிறுத்திக் காட்டினார். பிறகு பாணி பஞ்சாயத்து என்று கூட்டு நீர்ப்பங்கீட்டைத் தொடங்கினார். அதில் கரும்புக்கு இடமில்லை என்பது விதி. நீராவின் கதையை அறிந்தவர்களுக்கு அந்த விதியின் நியாயம் விளங்கும்.

கார்டில் இல்லாதது

2015இல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. ஊரில் நிலம் வைத்திருக்கும் அன்பர்கள் பலரிடம் அந்த அட்டை இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம் முதலான நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து என்று 12 விவரங்கள் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் நயமும் இல்லை, கட்டமைப்பும் இல்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறது, நோயாளி மூச்சு விடுகிறாரா என்று யாரும் பார்க்கவில்லை என்பது போலத்தான் எனக்குப் படுகிறது. அட்டையில் கரிமச் சத்து 0.5 சதவிகிதத்துக்குக் கீழே என்று கண்டால் கட்டமைப்பும் பலவீனமாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

நேரில் பார்க்க ஒரு சோதனை: நெல்லிக்காய் அளவு மண்கட்டியை நிழலில் நன்கு உலர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் கட்டி ஓரளவு நின்றால் நல்லது. உடனே சிறு துணுக்குகளாகச் சரிந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மட்கு போதவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போல் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் சோடியம். ஊர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள், அடுத்த முறை போகும்போது நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு கட்டி எடுத்து இதைச் செய்து பார்க்கலாம்.

இனி பால்கனிக்கு வருவோம். நர்சரியில் வாங்கும் செடியின் வேரைச் சுற்றிப் பிசுபிசுத்த செங்களியை உருண்டையாக அப்பியிருப்பார்கள். அப்படியே தொட்டியில் வைத்தால் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மூன்றில் இரண்டு பங்கு களியைக் கரைத்துவிட்டு நடுங்கள். அடியில் ஒரு கை உயரத்துக்கு ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பொடியான மண், தான் முழுக்க நனைந்து தளும்பும் வரை கீழேயுள்ள பருமனான அடுக்குக்குத் தண்ணீரை விடாது. எங்கள் பிளாங்கெட்டும், வீட்டுத் தரைக்கடியில் போடும் மணலும் ஈரத்தை மறிப்பது இதே தத்துவத்தால்தான். தொட்டிக்கு அது வேண்டாம். ஓட்டையின் மேல் ஒரு சில்லு வைத்தால் போதும்; மண்ணில் பாதிக்குப் பாதி மட்கு உரமும் தேங்காய் நாரும் கலந்து மேல்வரை நிரப்புங்கள். புனேயில் ஈரக் குப்பையைத் தனியாகத்தான் கொடுக்கிறோம். அதில் காய்கறித் தோலை மட்டும் வீட்டிலேயே மட்கவைத்தால் உரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. நம் கரிசலில் சுக்கான்கல் ஏராளம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. கரிசலை மட்டும் நிரப்பிய தொட்டியில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வெளுப்பது பெரும்பாலும் இதனால். மண்ணை மாற்றுவது நிரந்தரப் பரிகாரம். அதுவரை நர்சரியில் கிடைக்கும் இரும்பு கீலேட்டைத் தெளித்துச் சமாளிக்கலாம்.

தரையில் நட இடம் உள்ளவர்கள் முதலில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலம் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மீண்டும் நிரப்பி நேரம் பாருங்கள். நான்கைந்து மணி நேரத்தில் காலியானால் எதையும் நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் வேண்டாம். ஓர் அடி உயரத்துக்கு மண்ணை மேடாகக் கூட்டி அதன்மேல் நடுங்கள். ஹைதராபாத் அருகே பட்டான்சேருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் கரிசல் வயல்களுக்குச் சொன்ன அகலப் பாத்தியும் சாலும் முறை இதன் பெரிய வடிவந்தான்: ஒன்றரை மீட்டருக்கு ஒரு மேட்டுப் பாத்தி, நடுவில் வடிய ஒரு சால். ஜூன் முதல் வாரம் மழை பிடிப்பதற்குள் மேட்டைப் போட்டுவிட்டால் இந்த வருஷமே நடலாம்.